மஸ்டருக்கு வந்த கூடை

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் கையில் ஒரு பட்டியலோடு வருகிறீர்கள். ‘ஹியர்’ என்பதற்கும் ‘லிசன்’ என்பதற்கும் என்ன வித்தியாசம் சார், ‘ஹவுஸ்’ வேறு ‘ஹோம்’ வேறா சார் என்று கேட்கிறீர்கள். நானும் சொல்கிறேன். நீங்களும் எழுதிக்கொள்கிறீர்கள். போன வாரம் உங்களில் ஒருவர் ‘ஹாபிட்’, ‘கஸ்டம்’ இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் காபியை ஆற்றிக்கொண்டே இருந்ததைப் பார்த்து, கிழவருக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். மறக்கவில்லை. அந்த இரண்டு சொற்களில் ஒன்றை எடுக்க வேண்டிய இடத்தில் மற்றதை எடுத்து, ஒரு பெண்ணின் வேலையையும் வீட்டையும் நான் பறித்திருக்கிறேன். அதைத் திருப்பிக் கொடுத்த கதையும் உண்டு. அதனால்தான் இன்றைக்கும் தலை நிமிர்ந்து உங்களுக்குப் பாடம் நடத்துகிறேன்.

எழுபதுகளில் நடந்தது. நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே கடலை போடும் குடும்பத்தில் பிறந்தவன். பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு, மண்வெட்டி பிடிக்க விருப்பமில்லாமல், ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் ரைட்டராகச் சேர்ந்தேன். மானேஜர் குடகுக்காரர். அவருக்குத் தமிழ் வராது. தொழிலாளிகள் மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். அவர்களுக்கு ஆங்கிலம் வராது. நடுவில் நான். அவர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதுவதும், மானேஜர் எழுதுவதைத் தமிழில் வாசித்துக் காட்டுவதும் என் வேலை. நான் வாயைத் திறந்தாலே ‘ஏனுங்க’ வந்துவிடும். லயத்துப் பெண்கள் எனக்கு ‘ஏனுங்க ரைட்டர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். லயம் என்றால் வரிசை வீடுகள். எஸ்டேட் கொடுத்த வீடு. வேலை இருக்கும் வரைக்கும் வீடு.

என் ஆங்கிலத்தின் மேல் எனக்கு அப்போது அபார நம்பிக்கை. சேர்ந்த முதல் வாரமே ஒரு கோழிக்காக இரண்டு வீட்டுக்காரர்கள் கட்டிப் புரண்டார்கள். ‘இன்சிடெண்ட்’ என்று எழுத வேண்டியதை, கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று ‘ஆக்சிடெண்ட்’ என்று எழுதி அனுப்பினேன். கம்பவுண்டர் இரண்டு ஆட்களோடு ஸ்ட்ரெச்சர் தூக்கிக்கொண்டு மூன்று மைல் ஏறி வந்தார். வந்தவர் பார்த்தது முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு ஆம்பிளைகளையும் ஒரு கோழியையும். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றைக்கு யாராவது என் காதைத் திருகியிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

பேச்சியம்மா எங்கள் எஸ்டேட்டின் கீழ் டிவிஷனில் கொழுந்து பறிப்பவர். முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இல்லை. இரட்டைப் பெண்கள், எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தார்கள். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார். அதிகம் பேசமாட்டார். பேசினால் நிறுத்தி நிதானமாக, ஆதியிலிருந்து ஆரம்பித்துப் பேசுவார்.

அந்த டிவிஷனுக்குப் புதிதாக ஒரு கண்டக்டர் வந்தார். பஸ் கண்டக்டர் இல்லை. தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிறவருக்கு எஸ்டேட்டில் அதுதான் பெயர். கோட்டயம் பக்கத்து இளைஞர், கறாரான ஆள். காலையில் மஸ்டர் களத்தில் பெயர் கூப்பிட்டு வருகையைக் குறிப்பார். ஆளுக்கு ஒரு நிரை, அதாவது ஒரு செடி வரிசை; சாயங்காலம் எந்த நிரையில் கொழுந்து பறிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று ஒரு சிவப்பு நோட்டில் குறிப்பார். அவர் வந்து ஒரு வருஷத்துக்குள் பேச்சியம்மா ஏழு முறை, முறைக்கு மூன்று நாளாக, லீவு சொல்லாமல் வராமல் இருந்தார் என்று மானேஜருக்கு எழுதிவிட்டார். ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேலைக்கு வராமல் இருந்தால் வேலையை விட்டு நீக்கலாம் என்று எஸ்டேட் விதியில் இருந்தது. ‘ஹாபிச்சுவல் ஆப்சென்ஸ்’ என்று அதற்குப் பெயர். ‘ஹாபிட்’ என்ற சொல் அந்தப் பெயருக்குள்ளேயே கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

விசாரணை மானேஜர் அறையில் நடந்தது. மானேஜருக்கு மத்தியானம் வேறு எஸ்டேட்டில் ஒரு கூட்டம். ஜீப் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. “ஏன் வரவில்லை என்று கேள்” என்றார். நான் கேட்டேன். பேச்சியம்மா ஆதியிலிருந்து ஆரம்பித்தார். கீழ் டிவிஷனிலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், மழைக்காலத்தில் ஓடை எப்படி மறிக்கும், லயத்தில் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தால் முதல் மூன்று நாள் என்ன வழமை, தன்னை மட்டும் ஏன் கூப்பிடுகிறார்கள், கூடை யார் எடுத்துப் போவார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். கூடை என்ற சொல் நாலைந்து தடவை வந்தது ஞாபகம் இருக்கிறது. பாதியை நான் காதில் வாங்கவில்லை. மானேஜர் கடிகாரத்தைப் பார்ப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேச்சியம்மா முடித்ததும் நான் ஒரே வரி எழுதினேன். ‘இப்படிப்பட்ட சமயங்களில் வராமல் இருப்பது என் ஹாபிட்’ என்று அந்தப் பெண் சொன்னதாக எழுதினேன். ஐந்து நிமிஷப் பேச்சை ஒரு வரியில் அடக்கிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. மானேஜர் வாசித்துப் பார்த்து, “நல்ல தெளிவான ஆங்கிலம்” என்றார். அந்தப் பாராட்டில் நான் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை. பேச்சியம்மா அந்தக் காகிதத்தில் தமிழில் தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. வேலையிலிருந்து நீக்கம், பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டியவனும் நான்தான். ஆபீஸ் வராந்தாவில் பேச்சியம்மா நின்றார். பக்கத்து வீட்டு முப்பிடாதியும் கூட வந்திருந்தார். நான் வாசித்தேன். ‘உன் சொந்த வாக்குமூலத்தின்படியே, வேலைக்கு வராமல் இருப்பது உன் பழக்கம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறாய்’ என்ற வரி வந்தது.

“நா எப்பய்யா அப்படிச் சொன்னேன்?” என்றார் பேச்சியம்மா.

நான் அந்த வரியை மறுபடி வாசித்துப் பார்த்தேன்.

“கூடை வந்துச்சுன்னு சொன்னேனே. அத எழுதலையா?”

முப்பிடாதிதான் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேச்சியம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, “விடு. காயிதத்துல எழுத எடம் பத்தலையோ என்னவோ” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த வார்த்தை என்னை நடுமுதுகில் அடித்தது.

அப்புறம்தான் நான் அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லி, முதலிலிருந்து கேட்டேன். “ஏனுங்கக்கா, கூடை வந்துச்சுன்னா என்னங்க அர்த்தம்? கொஞ்சம் வெவரமாச் சொல்லுங்க.”

அர்த்தம் இதுதான். கீழ் டிவிஷனில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும், தாய் எழுந்து நடமாடும் வரை மூன்று நாள் ஒரு பெண் கூட இருக்க வேண்டும். பேச்சியம்மாவுக்குத் தலைப்பிரசவமே இரட்டைப் பிள்ளை, இரண்டும் பிழைத்துக்கொண்டன. அதனால் அவர் கைராசிக்காரி. அவரே கூட இருக்க வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள், கேட்டால் போகாமல் இருக்கக் கூடாது. அந்த நாட்களில் பேச்சியம்மாவுக்குப் பதில் அவருடைய கூடை மஸ்டருக்குப் போகும். பெயர் கூப்பிடும்போது பக்கத்து நிரைக்காரி கூடையைத் தூக்கிக் காட்டி “கூடை வந்திருக்கு” என்பாள். இந்தப் பக்கத்து நிரைக்காரியும் அந்தப் பக்கத்து நிரைக்காரியும் சேர்ந்து அவர் நிரையைப் பறித்து அந்தக் கூடையில் போடுவார்கள். பறிக்காத கொழுந்து ஒன்றும் நிற்காது. பழைய கண்டக்டர் இதற்குத் தலையாட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். புதியவர் கூடையைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை, ‘ஆப்சென்ட்’ போட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் ஊரில் கூடை நடந்து வராது.

பிள்ளைகளே, இப்போது வித்தியாசம் தெரிகிறதா? தமிழில் நாம் பழக்கவழக்கம் என்று இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடுகிறோம், பிறகு அவிழ்ப்பதே இல்லை. ஆங்கிலத்தில் ‘ஹாபிட்’ தனி ஒருவருடையது. நான் நகம் கடிப்பது என் ஹாபிட். நான் செத்தால் அதுவும் என்னோடு போகும். ‘கஸ்டம்’ ஒருவரால் முடியாது. ஒருத்தி போனால் இன்னொருத்தி கூடையைத் தூக்க வேண்டும், இன்னும் இரண்டு பேர் நிரையைப் பறிக்க வேண்டும், நாலாவது ஆள் தலையாட்ட வேண்டும். பேச்சியம்மா ‘நாங்க’ என்று சொல்லிக்கொண்டே போனதை நான் ‘நான்’ என்று எழுதிவிட்டேன். ஒரு லயமே சேர்ந்து செய்ததை ஒருத்தியின் குறையாக்கி, அந்தப் பெண் தலையில் தூக்கி வைத்துவிட்டேன்.

இனி என்ன செய்வது? இரண்டு வழி இருந்தது. ‘இந்தப் பெண் இப்போது வேறு மாதிரி சொல்கிறார்’ என்று ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம். எனக்கு ஆபத்தில்லை. ஆனால் பேச்சியம்மா பொய்க்காரி ஆகிவிடுவார். இன்னொன்று, நான் தப்பாக எழுதினேன் என்று சொல்வது. வேலையில் சேர்ந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை, நிரந்தரம் ஆகவில்லை. ஊரில் அப்பா, “என்றா, தொரைகூட இங்கிலீசுல பேசறியா?” என்று பார்க்கிறவர்கள் முன்னாலெல்லாம் என்னிடம் கேட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த காலம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வராந்தாவிலிருந்து மானேஜர் அறைக்கு இருபது அடி இருக்கும். அதைக் கடக்க எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

“சார், அந்த வாக்குமூலம் தவறு. பேச்சியம்மா சொன்னதை நான் எழுதவில்லை” என்றேன்.

மானேஜர் பேனாவை மூடினார். “அப்படியானால் எனக்குப் பொய் சொன்னது நீ.”

“ஆமாம் சார். தெரிந்து சொல்லவில்லை. ஆனால் சொன்னது நான்தான்.”

நான் கஸ்டம் என்ற சொல்லைச் சொன்னேன், கூடைக் கதையைச் சொன்னேன். இந்தத் தடவை சுருக்கவில்லை. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “வேலை போன பிறகு எல்லாருடைய பழக்கமும் வழக்கமாகிவிடும். ஒருத்தி செய்தது ஹாபிட். பலபேர் செய்தது என்று காட்டு, நான் ஒத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை கீழ் டிவிஷன் மஸ்டர் களத்துக்கு நானே வருகிறேன். காட்ட முடியாவிட்டால் அந்தப் பெண்ணோடு நீயும் கிளம்பலாம்” என்றார். நியாயமான மனிதர். அன்றைக்கு அது எனக்கு அவ்வளவாகத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே லயத்துக்கு இறங்கினேன். பெண்கள் கூடிவிட்டார்கள். வழக்கம்போல யாரோ, “ஏனுங்க ரைட்டர் வந்துட்டாருங்கோ” என்று என்னைப் போலவே பேசிக் காட்டினார்கள். நான் ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து வைத்து, “அக்கா போன ஏழு தடவையும் எதுக்குப் போனாங்கன்னு ஆளாளுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அதான் சாட்சி” என்றேன். ஆபீஸ் மூளை அவ்வளவுதான் ஓடும்.

முப்பிடாதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “காயிதத்துல எழுதித்தானே அவ பொழப்பக் கெடுத்தீக? மறுபடியும் காயிதமா கேக்கீக?”

“வேற எப்படீங்க காட்டறது?”

“அவ போன நாளெல்லாம் இந்தா முத்தத்துல தவழ்ந்துக்கிட்டும் மண்ணத் தின்னுக்கிட்டும் கெடக்கு. கண்ணு தெரியலையா?”

நான் திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். முற்றத்தில் ஒரு குழந்தை செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. அது குற்றச்சாட்டில் உள்ள முதல் தேதி. காகிதக் கட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். அன்று இரவு முப்பிடாதி வீட்டில் எனக்குக் கருவாட்டுக் குழம்பு கிடைத்தது. அதற்கு முன் நான் கருவாட்டைத் தொட்டதில்லை. மறுக்கிற நிலையில் நான் இல்லை.

சனிக்கிழமை மானேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார். களத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. கண்டக்டர் தன் மஸ்டர் புத்தகத்தோடும் சிவப்பு நோட்டோடும் நின்றார். பேச்சியம்மா ஓரமாக நின்றார், இரண்டு பெண்களும் இரண்டு பக்கமும். எதிரே டிவிஷன் முழுக்கப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

மானேஜர் குற்றச்சாட்டை எடுத்து முதல் தேதியை வாசித்தார். நான் தமிழில் திருப்பிச் சொன்னேன். ஒரு பெண் எழுந்தாள். இடுப்பில் செருப்புக் கடிக்கிற அந்தக் குழந்தை. “இவன் பொறந்த நாளுங்கய்யா. பேச்சியக்கா மூணு நாள் என்கூட இருந்தாக” என்றாள். உடனே அவள் இரண்டு பக்கத்திலும் இரண்டு பேர் எழுந்தார்கள். “அந்த மூணு நாளும் அவுக நெரைய நாங்க பறிச்சோம்.” நான் ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் சொன்னேன்.

இரண்டாவது தேதி. இன்னொரு பெண் எழுந்தாள், இன்னொரு குழந்தை. மூன்றாவது. அந்தக் குழந்தை மானேஜரின் தொப்பியைப் பார்த்துப் பயந்து வீரிட்டது. அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். களம் சிரித்தது. நான்காவது, ஐந்தாவது. தேதிகள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்க நிற்க எனக்குள் பயம் போய் ஒரு சந்தோஷம் பொங்க ஆரம்பித்தது. குற்றச்சாட்டு என்று டைப் அடித்த காகிதம் பிறந்தநாள் பட்டியலாக மாறிக்கொண்டிருந்தது.

ஆறாவது தேதியை வாசித்தார். நான் தமிழில் சொன்னேன். யாரும் எழவில்லை.

மறுபடியும் சொன்னேன். கண்டக்டர் நிமிர்ந்து பார்த்தார். மானேஜர் என்னைப் பார்த்தார். பேச்சியம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தேதியைப் பற்றி என்னிடம் அவரும் சொல்லவில்லை, முப்பிடாதியும் சொல்லவில்லை. போச்சு, இந்த ஒன்றிலேயே எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

பின் வரிசையில் ஒரு மெலிந்த பெண் எழுந்தாள். கை இரண்டும் வெறுமையாக இருந்தன. “என் புள்ள ரெண்டு நாளுதான் இருந்துச்சு. மூணாவது நாளும் அக்கா என்னய விட்டுப் போகல” என்றாள். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு இரண்டு பக்கத்திலும் இரண்டு பேர் எழுந்து, “நெரைய நாங்க பறிச்சோம்” என்றார்கள்.

இதையும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். மொழிபெயர்ப்பாளன் அழக் கூடாது என்று நானே உங்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். அன்றைக்கு அழுதேன். ஆனால் ஒரு சொல்லையும் விடவில்லை. மானேஜர் ஏழாவது தேதியை வாசிக்கவில்லை. ஏழாவது குழந்தையின் தாய் தானாகவே எழுந்து நின்றுகொண்டாள்.

மானேஜர் கண்டக்டரிடம், “இந்த நாட்களில் பேச்சியம்மாவின் நிரையில் கொழுந்து நின்றதா?” என்று கேட்டார்.

அந்த இளைஞர் நினைத்திருந்தால் ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். சிவப்பு நோட்டைப் பிரித்து ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் பார்த்தார். முகம் சிவந்துகொண்டே வந்தது. கடைசியில், “நோ சார். ஒரு நாளும் இவங்க நிரை விட்டுப் போயிட்டில்ல. ஞான் அது நோக்கியில்ல” என்றார். ஆங்கிலத்தில் தொடங்கியவர் இடையில் எங்கேயோ தமிழுக்கும், தான் அதைப் பார்க்கவில்லை என்று சொல்லும்போது மலையாளத்துக்கும் வந்துவிட்டார். தான் எழுதிய நோட்டே தனக்கு எதிராகப் பேசியபோதும் அதை மறைக்காத அந்த மனிதர் மேல் எனக்கு அன்று வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

மானேஜர் என் பக்கம் திரும்பினார். “அந்தப் பெண்ணின் வாக்குமூலத்தை மறுபடி எடு. இந்த முறை எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை.” பேச்சியம்மா ஆதியிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு வாக்கியமாக எழுதி, அதைத் தமிழில் திருப்பிச் சொல்லி, “இதானுங்களா நீங்க சொன்னது?” என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகே அடுத்ததற்குப் போனேன். ஏழு பக்கம் வந்தது. இன்றைக்கு உங்களை நான் படுத்துகிற பாடு, எழுதியதைச் சொன்னவரிடமே திருப்பிச் சொல் என்று அரிக்கிறேனே, அது அன்றைக்கு அந்தக் களத்தில் தொடங்கியது.

உத்தரவு அங்கேயே ரத்தானது. மானேஜர் மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். நான் அதைத் தமிழில் வாசித்தபோது எழுந்த சத்தத்தில் ஜீப் டிரைவர் இறங்கி ஓடி வந்துவிட்டார். முப்பிடாதி என் தலையில் கை வைத்து, “போனாப் போகுது, இன்னமே நல்லா எழுது” என்றார். பேச்சியம்மாவின் பெண்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. எனக்கு எஸ்டேட்டையே விலைக்கு வாங்கிய மாதிரி இருந்தது. என் வேலை தப்பியது என்பது பாதி மலை ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை காலை கீழ் டிவிஷன் மஸ்டருக்கு நானும் போனேன். வேலையில் திரும்பச் சேர்ந்ததற்குப் பேச்சியம்மாவிடம் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். கண்டக்டர் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். “பேச்சியம்மா.”

பதில் இல்லை. இன்றைக்காவது ஒரு நாள் வந்து தொலைக்கக் கூடாதா என்று மனசுக்குள் அந்தப் பெண்ணைத் திட்டினேன்.

முப்பிடாதி கூடையைத் தூக்கிக் காட்டினார். “கூடை வந்திருக்கு. கடைசி வீட்டுல விடியக்காலம் பொண்ணு பொறந்திருக்கு.”

களம் முழுக்கக் கண்டக்டரைப் பார்த்தது. அவர் பென்சிலைப் புத்தகத்தில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “இதுக்கு என்ன எழுதுறது? ‘ஆப்சென்ட்’னு எழுதினா சரியில்ல. ‘ப்ரெசென்ட்’னு எழுதினா பொய். ‘லீவு’ன்னு எழுதலாம்னா அவங்க கேக்கல. இங்கிலீஷ்ல வேற என்ன வார்த்தை இருக்கு?”

நான் யோசித்தேன். கல்லூரியில் படித்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றது. எதுவும் பொருந்தவில்லை. ஒரு வாரத்துக்கு முன்பு இருந்த நான் ஏதாவது ஒன்றைத் துணிந்து எடுத்து நீட்டியிருப்பேன். “இல்லீங்க. இதுக்கு இங்கிலீசுல வார்த்தை இல்லீங்க. வந்தது கூடை, கூடைன்னே எழுதிப்போடுங்க” என்றேன்.

அவருக்குத் தமிழ் எழுத்து வராது. நான் பென்சிலை வாங்கி, ஆங்கில எழுத்துக்களாக நிறைந்திருந்த அந்தப் பக்கத்தில், பேச்சியம்மாவின் பெயருக்கு நேரே இரண்டே எழுத்து எழுதினேன். மத்தியானம் மானேஜர் புத்தகத்தைப் பார்த்து இது என்ன கிறுக்கல் என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டுப் பக்கத்தில் தன் இனிஷியலைப் போட்டார். நான் அந்த எஸ்டேட்டை விட்டு லேபர் ஆபீஸ் வேலைக்குப் போகும்வரை கீழ் டிவிஷன் மஸ்டர் புத்தகத்தில் அந்தச் சொல் வந்துகொண்டே இருந்தது. கண்டக்டரும் சீக்கிரத்திலேயே அந்த இரண்டு எழுத்தைக் கற்றுக்கொண்டார்.

மூன்று நாள் கழித்து, வியாழக்கிழமை, பேச்சியம்மா மஸ்டருக்கு வந்தார். தூக்கம் இல்லாத கண். கையெழுத்து வாங்கப் போனவன் புத்தகத்தையும் விரித்துக் காட்டினேன். “அக்கா, உங்க பேருக்கு நேரா என்ன எழுதியிருக்குதுன்னு பாருங்க.”

பேச்சியம்மா குனிந்து விரலை வைத்தார். ஆங்கிலத்தைத் தாண்டி விரல் அந்த இடத்தில் வந்து நின்றது. உதடு அசைந்தது. “கூ... டை.” இன்னொரு தடவை படித்தார். பிறகு நிமிர்ந்து, நான் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

“காயிதத்துல எடம் இருந்திருக்கே, ரைட்டரே” என்றார்.